மெரினாவின் இரண்டாம் கட்டில்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருக்கிற மெரினா கங்காணியை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் அவள் உங்களை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்து முடித்திருப்பாள். பெற்ற தாய் தேத்தண்ணி கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ரகம். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் சாக்கைத் தராசில் வைக்குமுன் இவள் அடிவரை கையை விட்டுத் துழாவுவாள். முத்தல் இலை அகப்பட்டால் அள்ளி வெளியே போடுவாள். ஒரு தரம் ராசம்மாவின் சாக்கிலிருந்து உள்ளங்கை அகலக் கல்லொன்றை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "ஏன் ராசம்மாக்கா, நம்ம தேயிலைச் செடி இப்ப கல்லும் காய்க்குதா?" என்று கேட்டாள். ராசம்மா கூசவேயில்லை. "நல்லா பாரு புள்ள, ஒன் மனசுதான் கழண்டு விழுந்துருக்கும்" என்றாள். மலையே சிரித்தது. மெரினா சிரிக்கவில்லை.

வேலையில் சந்தேகப்படுவது அவளுக்குச் சம்பளம். வீட்டில் சந்தேகப்பட்டது வேறு காரணத்துக்காக. அந்தக் காரணத்தின் பெயர் நாகலெட்சுமி.

மெரினா இளவயதில் கோல் காத்தவள். அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் பெண்கள் புட்போல் டீம் இருந்தது. ஒரு மே தினப் போட்டியில் டிக்கோயாப் பக்கத்து டீமில் ஆடிய நாகலெட்சுமி அடித்த பந்து, மெரினாவின் இடது சுண்டுவிரலை ஒடித்துக்கொண்டு போய் வலைக்குள் விழுந்தது. அடித்தவளே அடுத்த ஞாயிறு தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் மன்னிப்பைக் கேட்க மறந்துபோய், அந்த கோல் எவ்வளவு நல்ல கோல் என்று அரைமணி நேரம் பேசினாள். மெரினாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. பிறகு நாகலெட்சுமிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஹட்டனுக்குப் போன பெண், ஒரு பையோடு மேட்டு லயத்துக்கு ஏறி வந்தாள். வந்தவள்தான், பிறகு இறங்கிப் போகவில்லை. இருவருக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. மாதா படமும் முருகன் படமும் ஒரே பலகையில், இரண்டுக்கும் ஒரே விளக்கு.

நாகலெட்சுமியைப் பற்றிக் கேட்டால் சொல்ல மெரினாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "ஆதரவில்லாத புள்ள, தொணைக்கு வச்சிருக்கேன்." யாரும் கேட்காமலே அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதோடு விட்டாளா? காலையில் நாகலெட்சுமி முன்னால் வேலைக்குப் போவாள், இவள் ஐந்து நிமிடம் கழித்துப் புறப்படுவாள். வெளியில் நாகலெட்சுமி இவளை "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும். "மெரி" என்பது கதவைச் சாத்திய பிறகு. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது கட்டில். முன்காம்பராவில், வாசலில் நிற்கிற யார் கண்ணிலும் படுகிற மாதிரி, இன்னொரு கட்டில் போட்டு, மெத்தை போட்டு, தலையணை வைத்து, பூப்போட்ட விரிப்பு விரித்து வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் அந்த விரிப்பைத் துவைத்து எல்லாரும் பார்க்கக் கொடியில் போடுவாள். அதில் ஒரு நாளும் யாரும் படுத்ததில்லை.

"படுக்காத விரிப்பைத் தோய்க்கிற ஒரே பொம்பள இந்த உலகத்துல நீதான்" என்று நாகலெட்சுமி சிரிப்பாள்.

"நீ சிரி. ஒன் அண்ணன் வந்து வாசல்ல நிக்கிற அன்னைக்கு நானும் சிரிக்கிறேன்" என்பாள் மெரினா.

அதுதான் பயம். நாகலெட்சுமியின் அண்ணன் இன்னும் டிக்கோயாவில்தான் இருக்கிறான். தங்கச்சி யாரோ ஒரு கங்காணியம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருக்கிறான். லயத்தில் ஒரு வாய் திறந்தால் போதும், பேச்சு பஸ் ஏறி டிக்கோயா போய்ச் சேரும். கீழே ஒரு தோட்டத்தில் இப்படி இருந்த இரண்டு பெண்களைச் சொந்தக்காரர்கள் வந்து, ஒருத்தியைத் தலைமயிரைப் பிடித்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸுக்குப் போகலாமென்றால் சட்டமும் அந்தப் பெண்கள் பக்கம் இல்லை. மெரினா அதைப் பார்த்தவள். நாகலெட்சுமியை அந்த மாதிரி ஒரு வண்டியில் பார்க்க அவளால் முடியாது.

ஆக அவள் பக்கத்துக் காம்பரா ராசம்மாவை எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் என்ன? ராசம்மாவின் வாய் அப்படி. காலையில் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் குடத்தை வைத்தாளென்றால், முந்தினவள், பிந்தினவள், அவர்கள் புருசன், புருசனைப் பெற்றவள், ஒருத்தர் மிச்சமில்லாமல் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவள் சொல்லாத கெட்ட வார்த்தை தமிழில் இல்லை. போதாததற்குச் சிங்களத்திலும் கொஞ்சம் வைத்திருந்தாள்.

அந்த ராசம்மா ஒருநாள் பின்னேரம் வாசலில் வந்து நின்றாள். அவள் மகள் நிலக்ஷி தலைப்பிரசவத்துக்கு நானுஓயாவிலிருந்து தாய்வீட்டுக்கு வரப்போகிறாளாம்.

"வயித்தோட புள்ளய தரையில படுக்க வைக்க முடியுமா? ஒங்க கட்டில ஒரு மூணு மாசத்துக்குக் குடு புள்ள. சும்மாதானே கெடக்கு."

மெரினா கட்டிலுக்கு முன்னால் போய் மறித்து நின்றாள். சும்மா கெடக்கா? யார் சொன்னது?

"சும்மா கெடக்கா? அப்ப நான் எங்க படுக்கிறதாம், கூரையிலயா?" என்று பாய்ந்தாள்.

ராசம்மா கட்டிலைப் பார்த்தாள், மெரினாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி சரி, நீ படுத்துக்க தாயி" என்று போய்விட்டாள்.

ராசம்மா சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனது அதுவரை கேள்விப்படாத சங்கதி. மெரினா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வேவு பாக்க வந்துருக்கா" என்றாள். "கட்டில் கேக்க வந்துருக்கா" என்றாள் நாகலெட்சுமி.

இந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து படம் பிடிக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் தொரை அறிவித்தார். புட்போல் பற்றி ஒரு சிரிப்புப் படமாம். நம் கிரவுண்டில் எடுக்கப்போகிறார்களாம். எதிர் டீமாக ஆட, பந்து விளையாடத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ராசம்மா கையைத் தூக்கிவிட்டாள். "கோலுக்கு எங்க மெரினா இருக்கா தொர! அந்தக் காலத்துல ஒரு பந்து உள்ள போகாது!"

இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மெரினா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

படத்தின் கதையை வினோஜன் என்ற உதவிப் பையன் கிரவுண்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னான். கொழும்பில் எந்த டீமும் சேர்த்துக்கொள்ளாத பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு டீம் வைக்கிறார்கள். ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை? அவர்கள் பெண்களையே விரும்புகிற பெண்கள். கோச் ஒரு ஆண், ரெஃப்ரி இன்னொரு ஆண், அவர்கள் இரண்டு பேருக்கும் காதல். அதனால் அந்த டீம் என்ன ஃபவுல் பண்ணினாலும் ரெஃப்ரிக்கு விசில் ஊத மனசு வராது. ஒரு நாள் சண்டை வந்துவிடும், அன்றைக்கு மூச்சுக்கு மூச்சு விசில். கோச் கோபத்தில் அந்த விசிலைப் பிடுங்கி விழுங்கிவிடுவான். பிறகு அவன் தும்மும்போதெல்லாம் ஆட்டம் நின்றுவிடும்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாகலெட்சுமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே யாராவது தன் பக்கம் திரும்புகிறார்களா என்று மெரினா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இலங்கையில் எத்தனை தோட்டம், எத்தனை கிரவுண்ட்! அத்தனையும் விட்டு இந்தப் படம் ஏன் இங்கே வரவேண்டும்? யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். யார் என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. படக்காரர்கள் ராசம்மா வீட்டு வாசலில்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

"நான் போகல" என்றாள் அன்று வீட்டில்.

"போகாட்டி ஏன் போகலன்னு கேப்பாங்க" என்றாள் நாகலெட்சுமி. மெரினாவின் குணம் அவளுக்கு அத்துப்படி. பிறகு மெதுவாக, "நீ கோல்ல நின்னு பாத்து எத்தன வருசமாச்சு மெரி" என்றாள். மெரினா ஒடிந்த சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தாள். ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

படத்தை எடுப்பவள் தனுஷிகா என்ற சின்னப் பெண், வெள்ளவத்தைக்காரி. தொப்பியும் காற்சட்டையுமாக ஓடித் திரிந்தாள். முதல் நாளே மெரினாவிடம் வந்து, "அக்கா, வீட்டில யாரெல்லாம் இருக்கிறீங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். மெரினா, "ஏன், என்னாத்துக்கு?" என்றாள். அந்தப் பெண் பயந்து, "இல்ல அக்கா, சாப்பாட்டுப் பார்சல் எத்தனை அனுப்புறதெண்டு…" என்று இழுத்தாள். பார்சல் இரண்டு வந்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு எப்படி வந்தது என்று மெரினா அதையும் சந்தேகப்பட்டாள். நாகலெட்சுமி இரண்டையும் பிரித்து வைத்து, "கோழி நல்லாருக்கு, ஆறிப் போறதுக்குள்ள வா" என்றாள்.

கடைசி நாள் போட்டிக் காட்சி. கதைப்படி படத்து டீமுக்கு ஒரு பெனல்டி கிடைக்கிறது. கதாநாயகி ஓடிவந்து அடிக்கிறாள், மெரினா தப்பான பக்கம் பாய்கிறாள், பந்து உள்ளே போகிறது. கதாநாயகி ஓடிவரும்போது சனம் அவளைப் பார்த்துக் கேவலமாகக் கத்தவேண்டும். என்ன கத்தவேண்டும் என்று வினோஜன் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுத்தான். பெண்ணை விரும்புகிற பெண்ணைப் பார்த்துச் சொல்கிற ஒரு சொல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அந்தச் சொல் ஒலிபெருக்கியில் கேட்டதும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற மெரினா கூட்டத்தில் ராசம்மாவைத் தேடினாள். எல்லாம் இதற்குத்தான். முழு லயமும் இப்போது தன் முகத்துக்கு நேரே அதைக் கத்தப்போகிறது, முதலில் கத்தப்போகிறவள் ராசம்மா. கூட்டத்தின் நடுவில் நாகலெட்சுமியும் உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழும்.

"அக்ஷன்!" என்றாள் தனுஷிகா.

கதாநாயகி ஓடிவந்தாள். சனம் கல்லுப் போல உட்கார்ந்திருந்தது. பந்து வந்தது. மெரினாவின் கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது.

"கட்! அக்கா, நீங்க விடவேணும். சனம், நீங்க கத்தவேணும்!"

இரண்டாம் தரம். சனத்திலிருந்து ஒரு இருமல் மட்டும் கேட்டது. மெரினா மறுபடியும் பிடித்தாள். கதாநாயகி அடிக்கிற அடி ஒரு கைக்குழந்தையை எழுப்பாது, அதை எப்படி விடுவது? தனுஷிகா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். சனத்துக்கு அந்தச் சொல் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒலிபெருக்கியை வாங்கி அதன் அர்த்தத்தைப் பொறுமையாக விளக்கத் தொடங்கினாள்.

ராசம்மா எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"அர்த்தமெல்லாம் தெரியும் புள்ள. அந்த வார்த்த எங்க லயத்துல சொல்றதில்ல."

"இது படத்துக்குத்தானே, அம்மா. சும்மா…"

"சும்மாவும் சொல்றதில்ல. வேற என்னா வேணும், கேளு. அவ குடும்பத்தையே இழுத்து வையுறேன். ஆட்டத்தப் பாத்து வையுறேன். இது மட்டும் வேணாம்."

"ஏன் அம்மா?"

"ஏன்னா சொல்றதில்ல. அவ்வளவுதான்."

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமென்று அசைந்தன. யாரும் கோல் பக்கம் பார்க்கவில்லை. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. மெரினா அதைத்தான் கவனித்தாள். இத்தனை பேரும் தன்னைப் பார்க்காமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிறார்களே! அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. அந்தப் பீலியடியில் இத்தனை வருசமாக எத்தனை வசவு கேட்டிருக்கிறாள். தாயைப் பற்றி, தகப்பனைப் பற்றி, படுக்கையைப் பற்றி, பாடையைப் பற்றி. இந்த ஒரு சொல்லை ஒரு நாளும் கேட்டதில்லை. சாக்கில் கல்லோடு மாட்டிக்கொண்டு மலையே பார்க்க நின்ற அன்றுகூட ராசம்மாவின் வாயிலிருந்து அது வரவில்லை.

தெரியும். எல்லாருக்கும் தெரியும். எப்போதோ தெரியும்.

தனுஷிகா கோல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அவளும் மக்கு இல்லை. "சரி அம்மா, உங்களுக்கு வாயில வாறதைக் கத்துங்க" என்றாள்.

மூன்றாம் தரம் கதாநாயகி ஓடிவந்தாள். "அடியே, அது காலா, கறி வைக்கிற அகப்பையா?" என்று ராசம்மா ஆரம்பித்துவைத்தாள். "பந்துக்கு நோகாம அடிடி ராசாத்தி!" என்றது இன்னொரு குரல். லயமே சேர்ந்து ஊளையிட்டது. பந்து உருண்டு வந்தது. மெரினா கூட்டத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பந்து அவள் காலடியால் மெதுவாக உள்ளே போனது.

"ஓகே! அருமை அக்கா! அந்த முகம் இருக்கே, அந்த முகம்!" என்று தனுஷிகா துள்ளினாள்.

மெரினாவுக்கு அழுகையாக வந்தது. அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல், பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ராசம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"ராசம்மாக்கா. ஒங்களுக்கு எப்பருந்து…"

ராசம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்னா எப்பருந்து? லயத்துச் சுவரு கூரை வரைக்குமா போகுது? வெளிய அக்கா, உள்ள மெரி. காது இருக்குல்ல எங்களுக்கு."

"அப்ப அந்தக் கட்டிலு…"

"அந்தக் கட்டிலா! நீ வெளக்குமாத்தோட நிக்கிறப்ப வந்து எத்தன தரம் அதுல ஒக்காந்துருக்கேன். தலகாணில ஒரு பொட்டு எண்ணெ கெடையாது. தல வச்ச தலகாணி அப்பிடியா இருக்கும்? நீ தலையில கால் போத்தல் ஊத்துறவ."

மெரினா பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எத்தன சனிக்கிழம! அந்த விரிப்பத் தோச்சுத் தோச்சு என் கையே போச்சு!"

"சொன்னா நீ பயந்து எங்கிட்டாவது போயிருவன்னு பேசாம இருந்தோம். அவ அண்ணன்காரன் ஒரு தரம் வந்தான், ஒனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் மலையில நின்னீங்க. ஒந் தங்கச்சி நல்லா இருக்கா, தனிக் கட்டில்ல படுத்துக்கிறா, போய்ட்டு வான்னு நாந்தான் காட்டி அனுப்புனேன்." ராசம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "தோச்சதும் நல்லதுதான். சுத்தமா இருக்கு, புள்ளப் பெக்கிறவளுக்கு ஆகும். இப்பயாச்சும் குடுப்பியா, மாட்டியா?"

மெரினாவுக்கு அந்த நேரம்கூட ஒரு சந்தேகம் வராமல் இல்லை. கட்டில் போய்விட்டால், நாளைக்கு அந்த அண்ணன் மறுபடி வந்தால்? வீட்டுக்குள் வந்து பார்த்தால் ஒரே ஒரு கட்டில்தானே இருக்கும்? கேட்டே விட்டாள்.

"வரட்டும். என் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய், இந்தாயா ஒந் தங்கச்சி கட்டிலு, எம் மக வயித்தோட இருக்கான்னு எரவலாக் குடுத்துருக்கான்னு சொல்றேன். பொய்யா அது?"

மறுநாள் ஞாயிறு. மழைவிட்டு நல்ல வெயில். நாகலெட்சுமி மெத்தையைச் சுருட்டி எடுத்தாள். மெரினா ஒரு முனை, அவள் ஒரு முனை. கட்டில் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. சரிக்கவேண்டும் என்று ராசம்மா சொன்னாள், வேண்டாம் கழற்று என்று யாரோ சொன்னார்கள், லயத்தில் பாதிச் சனம் வாசலுக்கு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது. மெரினா வெளியே, எல்லார் முன்னாலும், ஒடிந்து வளைந்த சுண்டுவிரலோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து பாரம் தாங்காமல் நாகலெட்சுமி கத்தினாள்.

"மெரி! காலத் தூக்கு மெரி!"

கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கட்டிலுக்கு மேலால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெரினா வழக்கம்போல ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் திரும்பினாள்.

"தூக்கேன் புள்ள, அவ எவ்வளவு நேரம் சொமப்பா?" என்றாள் ராசம்மா.

மெரினா தூக்கினாள். கட்டில் வெளியே வந்தது.